பதினைந்து மீட்டர் வாத்து

பலூன் சிவப்பாக, உருண்டையாக வந்திருக்க வேண்டும். வாத்தாக வந்திருந்தது.

டிரைவர் அதை மடித்த போர்வை மாதிரி தூக்கிவந்து காலி மனையில் விரித்தபோது வெறும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. சிவப்பில்லாவிட்டால் போகிறது, மஞ்சளும் ஒரு நிறம்தானே என்று வக்கீல் மனசைத் தேற்றிக்கொண்டார். காஸ் சிலிண்டரின் குழாயைச் செருகித் திருகியதும் அது புரண்டது, உப்பியது, எழுந்து உட்கார்ந்தது. அப்புறம் அதற்கு மூக்கு முளைத்தது.

"என்னப்பா இது?"

"வாத்து சார்."

"வாத்துன்னு கண்ணுக்குத் தெரியுது. ஏன் வாத்து?"

"முதலாளியே கடைக்கு நேர்ல போய் எடுத்தாரு சார். இருந்ததுலயே இதுதான் பெரிசாம்."

இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத இடுப்போடு, உலகத்தில் கவலை என்று ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் அது வக்கீலைப் பார்த்துச் சிரித்தது. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. பதினொரு மணிக்கு அதிகாரி வந்துவிடுவார். தெருமுனை பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஏற்கெனவே திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். பில்டர் அந்த மனையில் ஐந்து தளம் கட்ட அனுமதி கேட்டிருந்தார். திட்ட அலுவலகம் முடியாது என்றுவிட்டது. காரணம், பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர். ரிடையர் ஆனவர். கட்டடம் எழும்பினால் தன் மொட்டை மாடியில் நிழல் வந்து படுத்துக்கொள்ளும், வருஷம் முழுக்க வெயிலே விழாது என்று பதினாலு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு, படம் வரைந்து, விடைக்கு அடியில் இரட்டைக் கோடும் இழுத்து ஆட்சேபணை கொடுத்திருந்தார். அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்ததும் அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. சரிபார்க்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை. மனு நிராகரிப்பு.

அதை எதிர்த்துத்தான் மேல்முறையீடு. மேல்முறையீட்டு அதிகாரி கறாரான அம்மாள். "பதினைந்து மீட்டர் என்று காகிதத்தில் எழுதினால் எனக்கு என்ன தெரியும்? அந்த உயரத்தில் ஒரு பலூனைக் கட்டி நிறுத்துங்கள். டீச்சர் வீட்டு மாடியில் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று உத்தரவு போட்டிருந்தார். பலூன் இல்லையென்றால் மனு காலி.

பில்டர்களுக்காக மேல்முறையீடு செய்வதைத் தவிர வக்கீலுக்கு வேறு வேலை தெரியாது. அந்த வேலையும் தெரியாது என்பது ஊர் அபிப்பிராயம். இதுவரை பத்தொன்பது பில்டர்களுக்காக வாதாடியிருந்தார். பத்தொன்பதும் தள்ளுபடி. அந்த அலுவலக வராந்தாவில் அவருக்குப் பெயரே 'தள்ளுபடி'தான். ஒருதடவை எதிர்த்தரப்பிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. அன்றைக்கும் தோற்றார்.

இருபதாவதும் போனால் அவர் கதி என்ன என்பதை மனைவி போன வாரமே முடிவுசெய்துவிட்டாள். இதோ, போனிலும் அதே பல்லவி.

"என்ன ஆச்சு?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"குரலே தோத்துட்ட மாதிரி இருக்கே. இங்க பாருங்க, இன்னைக்கும் தோத்துட்டு வந்தீங்கன்னா நாளைக்கு அண்ணன் குழாய்க் கடையில போய் உட்கார்றீங்க. அண்ணன் ஸ்டூலெல்லாம் போட்டு வச்சிருக்கார்."

ஸ்டூல் மட்டுமா? கடை பெயர் முதுகில் அச்சடித்த நீலச் சட்டை ஒன்றும் தைத்து அனுப்பியிருந்தார் மச்சான். அளவு கேட்காமலே அது கச்சிதமாகப் பொருந்தியதுதான் வக்கீலை நடுங்க வைத்தது. மச்சான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன மாப்பிள்ள, முக்கால் இஞ்ச் எது, அரை இஞ்ச் எதுன்னு இன்னுமா தெரியல?" என்று வாடிக்கையாளர் முன்னால் கேட்பார். ஆயுசு முழுக்கக் கேட்பார்.

இந்த நேரத்தில் பில்டர் ஒரு பிளாஸ்கோடு வந்து சேர்ந்தார். அந்த இடத்தில் வாத்துக்கு அடுத்தபடி நிம்மதியாக இருந்தது அவர்தான்.

"காபி சாப்பிடுங்க சார். ஏன் இப்படி வேர்க்குது?"

"சார், நான் சொன்னது சிவப்புப் பலூன்."

"இருக்கட்டும் சார். களையா இருக்கில்ல?"

தங்கமான கட்சிக்காரர் என்று வக்கீலுக்கு எப்போதும் ஒரு எண்ணம். முதல் நாளே, "நாலு ஆபீஸ்ல விசாரிச்சேன் சார். நாலு பேரும் ஒரே வாயா உங்க பேரைத்தான் சொன்னாங்க" என்றவர். அன்றைக்கு வக்கீல் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார். வீடுகளை யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "விக்கறதா? மனையே மாமனார் கொடுத்தது சார். நாலு மச்சானுங்க. மாடிக்கு ஒருத்தரா நாலு மாடி. கீழ்த்தளம் எங்களுக்கு. கேஸைக் கடைசிப் படி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துடணும்னு வீட்டுல ஒரே பிடிவாதம்" என்று சொல்லிவிட்டு, மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது மாதிரி அண்ணாந்து பார்த்தார். குடும்பப் பாசம் உள்ளவர் என்று வக்கீல் குறித்துக்கொண்டார்.

இப்போதும் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இதுல தோத்துட்டா அடுத்தது எங்கேயும் போக முடியாதில்ல சார்?"

"முடியாது. இதுதான் கடைசிப் படி."

"சுத்தமா முடியாது?"

"சுத்தமா முடியாது."

"சரி சார். உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு" என்று இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.

வாத்தின் காலில் கயிற்றைக் கட்டினார்கள். மீட்டருக்கு ஒரு நூல் முடிந்து, பதினைந்து மீட்டரை வக்கீலே தன் கையால் அளந்து வைத்திருந்த கயிறு. விட்டதும் வாத்து கம்பீரமாக மேலே போய் நின்றுகொண்டு தெருவையே பார்த்துச் சிரித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள்.

"என்ன சார், சர்க்கஸா?"

"இல்லங்க. கட்டடம்."

"வாத்து மாதிரியா கட்டப் போறீங்க?"

அந்தச் சிரிப்புதான் ஆபத்து என்று வக்கீலுக்குப் பட்டது. கறாரான அம்மாள். பல்லிளிக்கிற வாத்தைப் பார்த்தால் தன்னைக் கேலி செய்வதாக நினைத்துவிட மாட்டாரா? சிரிப்பை மறைக்க முடியாவிட்டாலும், கழுத்துக்குக் கீழே எதையாவது போட்டு மூடினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். மூடுவதற்குக் கைவசம் இருந்தது அவருடைய கறுப்பு அங்கி ஒன்றுதான். இந்த மாதிரி வெளிவேலைக்கு அங்கி தேவையில்லை. ஆனால் அது தோளில் இல்லாவிட்டால் அவருக்கு வாயே வராது என்பதால் தூக்கிக்கொண்டு அலைவார். அம்மாள் பார்த்து முடித்ததும் வாத்திடமிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு பேசலாம் என்று கணக்குப் போட்டார்.

வாத்தைக் கீழே இறக்கி, அங்கியை அதன் கழுத்தில் சுற்றி, முன்னால் ஊக்குக் குத்தி, மறுபடி மேலே அனுப்பினார்கள்.

பில்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "சார், அசப்புல உங்களை மாதிரியே இருக்கு."

"அப்படியா?"

"நீங்க இவ்வளவு தைரியமா நிக்க மாட்டீங்க. மத்தபடி அச்சு அசல்."

அங்கி போட்டுக்கொண்டால் வக்கீலுக்கு வாய் வரும் என்றேன் அல்லவா, வாத்துக்குக் கால் வந்துவிட்டது. அதுவரை சும்மா நின்றிருந்தது, அங்கிக்குள் காற்று புகுந்ததும் பாய்மரக் கப்பல் மாதிரி புறப்பட்டு நேரே டீச்சர் வீட்டு மாடியைப் பார்த்துச் சாய்ந்தது.

"இந்தப் பக்கம் இழுங்க" என்று வக்கீல் கத்தினார்.

பில்டர் எந்தப் பக்கம் இழுத்தாரோ, வாத்து டீச்சர் வீட்டுத் துணிக்கொடியில் போய் உட்கார்ந்தது. அங்கியின் கைப்பகுதி கொடிக்கம்பியில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். வாத்து விடுபட்டது. கொடியும் விடுபட்டது. கோடுபோட்ட ஒரு போர்வை, நாலு தலையணை உறை, ஒற்றைக் கால் சாக்ஸ் எல்லாமாக வாத்துக்குப் பின்னால் ஊர்வலமாக மேலே கிளம்பின.

மணி பத்து ஐம்பத்தைந்து. ஆட்சேபணை கொடுத்த ஆளின் போர்வையை, ஆட்சேபணைக்குக் காரணமான மாடிக்கு மேலேயே பறக்கவிட்டாயிற்று. வக்கீல் மூச்சு வாங்க டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினார். பேன் பார்க்கப் போய்க் காதை அறுத்த கதையாகிவிட்டதே, காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிட வேண்டும்.

டீச்சர் கைப்பிடிச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் நோட்டு, கையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் போல. பக்கம் முழுக்க எண்கள்.

"டீச்சர், உங்க போர்வை..."

"போர்வை கிடக்கட்டும். கயிறு எத்தனை மீட்டர்?"

"பதினஞ்சு, டீச்சர்." தானாகவே கை கட்டிக்கொண்டது.

"கையைக் கட்டாதீங்க, பதிலைச் சொல்லுங்க. கயிறைக் காலில கட்டியிருக்கீங்க. வாத்து எத்தனை மீட்டர்?"

வக்கீல் வாத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு. பதினஞ்சும் ரெண்டும்?"

"ப... பதினேழு."

"கட்டப்போற உயரம் பதினஞ்சு, காட்டற உயரம் பதினேழு. இதை அந்த அம்மா கண்டுபிடிச்சா உங்க மனு என்ன ஆகும்?"

அளவு தப்பு. அதுவும் தன் கட்சிக்கே பாதகமான தப்பு. கட்டடத்தைக் குறைத்துக் காட்டி மாட்டிக்கொண்ட வக்கீல்கள் உண்டு. கூட்டிக் காட்டி மாட்டிக்கொள்ளப் போகிற முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். நீலச் சட்டை கண்முன்னால் ஆடியது. கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ரெண்டு மீட்டர் இறக்குங்க" என்று கூவினார்.

கயிறு அப்போது பில்டர் கையில் இருந்தது. "என்ன சார்?"

"இறக்குங்க, ரெண்டு மீட்டர்."

"விடவா?"

"விடாதீங்க, இறக்..."

பில்டர் விட்டுவிட்டார்.

வாத்து ஒரு நிமிஷம் நம்ப முடியாமல் நின்றது. பிறகு அங்கி, போர்வை, தலையணை உறை, சாக்ஸ் சகிதமாக, வக்கீலின் இருபத்திரண்டு வருஷத் தொழிலையும் காலில் கட்டிக்கொண்டு மேகத்தைப் பார்த்துப் போயிற்று. கடைசி வரை சிரிப்பு மாறவில்லை.

"கை வழுக்கிடுச்சு சார்" என்று பில்டர் கீழேயிருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வியர்வைப் பொட்டுக்கூட இல்லாத, உலர்ந்த கைகள்.

அந்த நொடி பார்த்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மணி பதினொன்று. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை.

வக்கீல் படிகளில் பாதியை இறங்கினார், மீதியில் விழுந்தார். மனைக்கு ஓடிவந்து சேர்ந்தபோது அதிகாரி அம்மாள் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலூன் எங்கே?"

வக்கீல் தோளைத் தடவினார். அங்கி இல்லை. வாயைத் திறந்தார். காற்று வந்தது. விரலை மட்டும் மேலே காட்டினார்.

அம்மாள் அண்ணாந்து பார்த்தார். வெகு உயரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு, அதற்கு ஒரு கறுப்பு வால்.

"அது எத்தனை மீட்டர்?"

"கொஞ்சம்..." வக்கீல் காட்டிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டார். "கொஞ்சம் கூடிடுச்சு, மேடம்."

பக்கத்தில் பில்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். பாவம், அழுகையை அடக்குகிறார் என்று வக்கீலுக்கு நெஞ்சு வலித்தது.

அம்மாள் கோப்பைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். அந்த டிக் சத்தம் வக்கீல் காதில் குழாய்க் கடை ஷட்டர் தூக்குகிற சத்தமாக விழுந்தது.

"உத்தரவுப்படி பலூன் இல்ல. அப்படின்னா..."

"ஒரு நிமிஷம்."

கணக்கு டீச்சர். நோட்டைப் பிரித்துப் பிடித்தபடி மனைக்குள் வந்தார். அதிகாரி அம்மாளையும் அறியாமல் அவர் முதுகு நிமிர்ந்தது.

"பலூன் இருந்தது. ஒன்பது ஐம்பதுல இருந்து பத்து ஐம்பத்தஞ்சு வரைக்கும் இருந்தது. நடுவுல ரெண்டு நிமிஷம் சட்டை போட்டுக்கக் கீழே வந்தது. கொடியில கொஞ்சம் இளைப்பாறினது. அதையெல்லாம் கழிச்சுட்டேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதோட நிழல் எங்க விழுந்துச்சுன்னு குறிச்சிருக்கேன். இந்தாங்க."

அம்மாள் நோட்டை வாங்கினார்.

"நிழல் ஒரு தடவைகூட என் மாடிப் பக்கம் வரல. முதல்ல தெருவுல விழுந்தது, அப்புறம் மனைக்குள்ளயே வந்துடுச்சு. அதுவும் இவங்க கேட்ட உயரத்தைவிட ரெண்டு மீட்டர் அதிகம் வச்சு. வருஷம் முழுக்க எப்படின்னு அடுத்த பக்கத்துல திரும்பப் போட்டிருக்கேன். என் மாடிக்கு வெயில் குறையாது."

"அப்ப உங்க பதினாலு பக்கம்?"

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். பிறகு, அந்தத் தெருவே தன் வகுப்பு என்பதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"கணக்கு சரி. வரைபடத்தைத் தலைகீழா வச்சுப் போட்டுட்டேன். வடக்கு காட்டற அம்புக்குறி கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது. கவனிக்கல. முப்பத்தாறு வருஷம் பிள்ளைங்களுக்கு அரை மார்க்குக்கூடத் தயவு பார்த்ததில்ல, எனக்கு மட்டும் பார்க்க முடியுமா? பூஜ்யம் போட்டுட்டேன். ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன்."

நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம், அடியில் இரட்டைக் கோடு.

"இன்னொண்ணு. சின்னதா சிவப்புப் பலூன் கட்டியிருந்தா நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். வாத்துங்கறதால மூக்கோட முழியோட நிழல் தெளிவா விழுந்துச்சு. எடுத்தவங்க விவரமானவங்க."

பில்டர் முகத்திலிருந்து கைக்குட்டை மெதுவாக இறங்கியது.

அதிகாரி அம்மாள் எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். கோப்பில் இருந்த வரைபடத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தார், நேராக்கிப் பார்த்தார். "எங்க ஆபீஸ்லயும் ஒருத்தரும் திருப்பிப் பார்க்கலையா?" என்று முணுமுணுத்தார். பிறகு எழுதினார்.

"நிராகரிச்சதுக்கு இருந்த ஒரே காரணம் போயிடுச்சு. மேல்முறையீட்டை ஏத்துக்கறேன். அஞ்சு தளத்துக்கும் அனுமதி. எழுத்துல அடுத்த வாரம் வரும்." ஜீப்பில் ஏறும்போது வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்குத்தான் நீங்க நல்லா வாதாடினீங்க. அதிகமா பேசல."

வக்கீல் கொஞ்ச நேரம் மனை நடுவில் அப்படியே நின்றார். வெயில் இதமாக இருந்தது. போனை எடுத்தார்.

"ஜெயிச்சுட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

"நீங்க யாரு பேசறது?"

புரியவைக்க ஐந்து நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் மறுமுனையில் விசும்பல் கேட்டது. "அந்த நீலச் சட்டையைக் கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டுடறேங்க" என்றாள் மனைவி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

திரும்பிப் பார்த்தால் பில்டர் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க் கவிழ்ந்து காபி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வானத்தைப் பார்த்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. மறுபடி முதலிலிருந்து. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

வக்கீலுக்கும் கண் கலங்கிவிட்டது. அளந்து வெட்டியது போக மிஞ்சிய கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த டிரைவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பார்த்தியாப்பா, சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சே வரல."

டிரைவர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, முதலாளி காதில் விழுந்துவிடாதபடி பக்கத்தில் வந்தார்.

"நாலு மச்சானுங்களும் தலைக்கு மேல குடி வந்துடக் கூடாதுன்னுதானே சார், நாலு ஆபீஸ் ஏறி இறங்கி, இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட ஜெயிக்காத வக்கீல் யாருன்னு விசாரிச்சு, உங்களைப் பிடிச்சாரு."